ஓம் என்றால் ஓடு

திருவல்லிக்கேணியில் எங்கள் கிரிக்கெட் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாய்ச் சுருளும் மட்டைகளும் உள்ளே இருந்தால் ஆட்கள் வெளியே நிற்க வேண்டும். பொன்விழாவை ஒட்டி அதன் சுவரில் ஒரு பலகை மாட்டுவது என்று தீர்மானமாகி, சங்கத்தில் ஆடிப் பேர் வாங்கியவர்களைப் பெயின்டர் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார். முதல் பெயர் எஸ். சிவபாதம். பக்கத்தில் 'சர்வதேச வீரர்'. அதற்குப் பக்கத்தில் ஆட்டங்கள், ஓட்டங்கள், சராசரி என்று மூன்று கட்டங்கள். மூன்றும் காலி.

"நீதான் அமெரிக்கா போறியே, நேர்ல கேட்டுண்டு வந்துடு" என்றான் செயலாளர் வரதன். "திறந்து வைக்க மந்திரியைக் கூப்பிட்டிருக்கோம். வெறுங் கட்டத்தையா திறக்கச் சொல்றது?"

நான் அமெரிக்கா போனது அக்காவை அழைத்து வர. அக்கா மகள் ஜெயந்தியின் பிரசவத்துக்கு உதவப் போயிருந்தவள், தனியாக விமானம் ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சங்கத்தின் ஸ்கோரரும் நான்தான். காலிக் கட்டம் என்றால் எனக்குத் தூக்கம் வராது. வரதனுக்கு அது தெரியும்.

சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரன். மதராஸில் எஞ்சினியரிங் படித்தபோது எங்கள் சங்கத்தில் நாலு வருஷம் ஆடினான். நல்ல ஆட்டக்காரன். ஒரே தொல்லை, ரன் ஓடுவதற்கு 'யெஸ்' என்று கூப்பிட மாட்டான், 'ஓம்' என்பான். அவர்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல். முதல் ஆட்டத்தில் அவனுடன் இறங்கிய வரதன், பையன் பக்திமான், பிரணவம் சொல்லிவிட்டு ஆடுகிறான் என்று நினைத்துக் கை கட்டி நின்றான். அந்தப் பக்தியிலேயே ரன் அவுட் ஆனான். பிறகு எங்களுக்கும் அது பழகி, இன்றைக்கும் எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் ஓம் என்றுதான் ஓடுகிறார்கள். எதிரணிகள் எங்களைப் பஜனை கோஷ்டி என்று அழைப்பது இதனால்தான்.

படிப்பு முடிந்ததும் சிவா குடிநீர்க் குழாய் எஞ்சினியராக ஒரு தீவுக்குப் போனான். அட்லாஸில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடுகிற தீவு. அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினான்: 'மச்சான், நான் இந்த நாட்டுக்கு விளையாடிப்போட்டன்.' வரதன் அதைச் சங்கத்தில் உரக்கப் படித்தான், காப்பி வாங்கிக் கொடுத்தான். பிற்பாடு சிவா அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்குக் குடிபோனான். தீவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் உறவு. பெயரைச் சொன்னால் ரன் அவுட் ஆனவர் யார், ஆக்கியவர் யார் என்று தெரிந்துவிடும்.

நம் அணி முதல் தடவை உலகக் கோப்பையை வென்ற மறு வருஷம், கோடை. முதலில் ஹூஸ்டன். விமான நிலையத்திலிருந்து ஜெயந்தியின் கணவர் முரளி காரில் அழைத்துப் போனார். வெளியே சித்திரை மாத மதராஸ். கார் உள்ளே மார்கழி. வீட்டுக்குப் போனால் அக்கா ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஊர்ல வெயில் அடிக்க அடிக்கக் குளிர்றதுடா" என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் நடக்கக் கிளம்பினேன். அகலமான தெரு, இருபுறமும் புல், ஒரு மனிதர் கிடையாது. ஒரு கார் நின்றது. ஓட்டி வந்த அம்மாள், "உங்கள் கார் கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்து ஒரு இளைஞன் நிறுத்தி அதையே கேட்டான். என்னிடம் கார் இல்லை என்றேன். பரிதாபப்பட்டுப் போனான். மூன்றாவதாக வந்த தொப்பிக்காரப் பெரியவர் கேள்வியே கேட்கவில்லை. கதவைத் திறந்து, ஏறிக்கொள் என்று கையைக் காட்டினார். ஏறாவிட்டால் மனம் புண்படும் போலிருந்தது. அவர் என்னை நெடுந்தூரம் கொண்டுபோய் ஒரு மெக்கானிக் ஷெட்டில் இறக்கி, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கிருந்து போன் செய்தேன்.

"மாமா, இங்க யாரும் நடக்க மாட்டாங்க" என்றார் முரளி, வந்து ஏற்றிக்கொண்டு. "வாக் பண்ணணும்னா மாலுக்கு டிரைவ் பண்ணி, உள்ள வாக் பண்ணணும்."

இதைச் சொல்லிக்கொண்டிருந்ததில் அவர் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். இங்கே தவறவிட்டால் ஆட்டோவைப்போல் அப்படியே திருப்ப முடியாது. நாங்கள் வேறொரு நகராட்சியைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சிக்கு விமானம். சைவ உணவு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பணிப்பெண் ஒரு தட்டை வைத்தாள்: கோஸ் இலை மாதிரி ஏதோ இலை, ஒரு தக்காளி, அரை ஆரஞ்சு. பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "டாக்டர் உத்தரவா?" என்று அனுதாபமாகக் கேட்டார். "பரம்பரை" என்றேன். வியாதி என்று எடுத்துக்கொண்டார்.

சிவா எனக்குப் போனில் வழி சொல்லியிருந்தான்: "நியூவார்க்கில ரெயில் எடு. பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல இறங்கு. நான் நிப்பன்." அப்படியே இறங்கினேன். இறங்கியவர்கள் பாதிப் பேர் அவசரமாக நடந்து எதிர்ப்புறம் நின்ற ஒற்றைப் பெட்டி வண்டியில் ஏறினார்கள். எழும்பூரில் வளர்ந்தவனுக்கு ஜனம் போகிற பக்கம் போவது அனிச்சைச் செயல். ஏறிவிட்டேன். கதவு மூடும்போது ஜன்னல் வழியே பார்த்தால், பிளாட்பாரத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். சிவாதான். இருபது வருஷத்துக்குப் பிறகு சந்தித்த முதல் நிமிஷத்தில் நான் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அது கல்லூரிக்குப் போகிற குட்டி வண்டி. அங்கே போய்த் திரும்பவும் ஜங்ஷனுக்கே வரும். டிரைவர் என் பையைப் பார்த்து, "தவறான வண்டியா? உட்கார்ந்திருங்கள். வேறெங்கும் போக எனக்கும் தண்டவாளம் கிடையாது" என்றார். திரும்பி வந்து இறங்கினேன்.

"என்னடாப்பா, உன்னை நான் இறங்கு எண்டு சொன்னனான், ஏறு எண்டோ சொன்னனான்?" என்று கட்டிக்கொண்டான் சிவா.

வெஸ்ட் வின்ட்சரில் அவன் வீட்டுக்கு எதிரில் உருளைக்கிழங்கு வயல். பார்சிப்பனியில் ஆபீஸ். எவ்வளவு தூரம் என்று கேட்டால் மைலில் சொல்வதில்லை, "ஒரு மணித்தியாலத்துக்கு மேல" என்கிறான். மனைவி பவானி பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். என்னைக் கண்டதும் சொந்தத் தமையன் வந்ததுபோல், "வாங்கோ அண்ணை, கை கால் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்" என்றார். இடியப்பமும் சொதியும். தக்காளியிலும் இலையிலுமிருந்து மனித உணவுக்குத் திரும்பிய நான் பேச்சில்லாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு வந்த வேலையை ஆரம்பித்தேன்.

"சிவா, பலகைக்கு மூணு நம்பர் வேணும். எத்தனை ஆட்டம்?"

"தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று எழுந்து போனான்.

திங்கட்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன். புல் வெட்ட வேண்டும் என்று மெஷினைக் கிளப்பினான். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்க முடியாது. செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டேன். மறுபடியும் புல் வெட்டினான். முந்தின நாள் வெட்டிய அதே புல்.

புதன்கிழமை பவானி கரண்டியுடன் வந்து நடுவில் நின்றார். "இஞ்சேருங்கோ, அந்தப் புல்லைப் பாவம் விடுங்கோ. அண்ணைக்கு நான் சொல்லுறன். ஒரு மேட்ச், அண்ணை. ஒண்டே ஒண்டு. அதிலயும் ஒரு பந்து விளையாடேல்லை."

"மழையா?" என்றேன்.

"ஓம்" என்றார்.

"மழையா பெய்தது?"

"மழை இல்லை அண்ணை. ஓம்! ஓமாலதான்!"

சிவா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சொன்னான். பக்கத்துத் தீவோடு ஆட்டம். அவன் இறங்கியபோது எதிரே ஆடிக்கொண்டிருந்தவர் ஆல்டன். தீவின் போஸ்ட் மாஸ்டர், விக்கெட் கீப்பர், இவனுக்கு வீட்டுச் சொந்தக்காரரும்கூட. சிவா பந்து வீசும் பக்கத்தில், ஓடுமுனையில். ஆல்டன் அடித்த பந்து தூரமாய்ப் போயிற்று. சுகமான ஒரு ரன். சிவா பதற்றத்தில், "ஓம்! ஓம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். தீவுக்காரர்கள் ஆங்கிலத்தில் 'ஹ' என்ற எழுத்தை விழுங்கிவிடுவார்கள். ஹோம் என்பது அவர்கள் வாயில் ஓம். ஆல்டன் காதில் விழுந்தது, 'வீட்டுக்குப் போ! திரும்பு!' அவர் சமர்த்தாகத் தன் கோட்டுக்குள் நின்றுகொண்டார். சிவா அவரிடம் போய்ச் சேர்ந்து, இருவரும் ஒரே கோட்டில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுமுனையில் குச்சி பறந்தது. சிவா ரன் அவுட். ஓட்டம் பூஜ்யம். எதிர்கொண்ட பந்து பூஜ்யம். அடுத்த வருஷம் அமெரிக்காவில் வேலை கிடைத்து வந்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"சிரி மச்சான், எல்லாரும் சிரிக்கிறது" என்றான். "நீ ஒண்டை யோசி. எங்கட நாடு தனக்கு விளையாடு எண்டு எனக்கு எப்பவாவது ஒரு தொப்பி தந்ததோ? இனித் தருமோ? அந்தச் சின்னத் தீவு தந்தது. பேரைக்கூட வடிவாச் சொல்லத் தெரியாது அவங்களுக்கு, மிஸ்டர் பைப் எண்டுதான் கூப்பிடுவாங்கள். ஆனால் தொப்பி தந்தவங்கள். அவங்களுக்காக ஒரே ஒரு பந்து விளையாடியிருந்தால், அவுட்டானாலும் காரியமில்லை, உன்ர பலகைக்கு நிமிர்ந்து நிண்டு நம்பர் சொல்லியிருப்பன். பந்தே பாக்காதவன் என்ன இன்டர்நேஷனல்? உன்ர பலகையில இருந்து என்ர பேரை அழிக்கச் சொல்லு."

கொழும்பிலிருந்த அவன் தம்பி முந்தின ஆடிக் கலவரத்தில் வீடு வாசலை விட்டு, குடும்பத்தோடு மதராஸுக்கு வந்தவர். நான்தான் கோடம்பாக்கத்தில் வீடு பார்த்துக் கொடுத்தேன். அந்தப் பேச்சை அவன் அன்று எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"அழிக்கணும்னா பெயின்டர்கிட்ட சொல்லணும்" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. ஆல்டன்! இப்போது அவர் அணியின் மேனேஜர். இங்கிலாந்தில் சின்ன நாடுகளுக்கான போட்டி ஒன்றுக்குப் போகும் வழியில் தீவு அணி நியூ ஜெர்சியில் தங்கி, சனிக்கிழமை பார்சிப்பனிக்குப் பக்கத்தில் உள்ளூர் அணியோடு மோதப் போகிறது. பார்க்க வா என்று அழைத்தார். மீன் குழம்பு கொண்டு வருகிறேன் என்று இவன் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன். அவருடைய இரண்டு வேகப் பந்துவீச்சாளர்கள் நியூயார்க் பஸ் நிலையத்தில் தப்பான பஸ்ஸில் ஏறி, கடற்கரையில் இருக்கும் சூதாட்ட ஊருக்குப் போய்விட்டார்களாம். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, கடல் பார்க்க என்றார்களாம். தீவுக்காரர்கள்! இன்னும் திரும்பவில்லை. ஒருவருக்குப் பதில் ஆல்டனே ஆடுகிறார்.

"இன்னொருத்தருக்குப் பதில்?" என்று சிவா கேட்டது எனக்குச் சமையலறையில் கேட்டது. போனை வைக்கிற சத்தம். பிறகு, "பவானி! என்ர வெள்ளைக் காற்சட்டை எங்கை?"

காற்சட்டை கிடைத்தது. இடுப்புத்தான் கிடைக்கவில்லை. கொக்கிக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பவானி பழைய வெள்ளைப் பாவாடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டார். "இனி இது மேட்சிங்" என்றார்.

அன்று மாலை முழுக்க அவன் வீட்டு முன்னால் நான் டென்னிஸ் பந்தை எறிய, அவன் மட்டை பிடித்தான். ஆட்டம் பரவாயில்லை. ஓட்டத்தில்தான் கண்டம். பந்து பட்டதும் வாயில் 'ஓ' என்று வருகிறது.

"யெஸ்னு சொல்லுடா!"

"ஓம், யெஸ் எண்டுதான் சொல்லுறன்."

"கலியாணத்தில அய்யர் கேட்டதுக்கும் ஓம் எண்டவர், அண்ணை" என்றார் பவானி வாசலிலிருந்து. "அதிலயும் ரன் அவுட்தான்."

இருட்டுவதற்குள் யெஸ் படிந்துவிட்டது. அவன் இன்னொன்றும் மனப்பாடம் செய்துகொண்டான். "ஆல்டன் ஓம் எண்டு கத்தினால் அது ஹோம். நான் அசையக்கூடாது. என்ர காதில தமிழ் விழக்கூடாது, இங்கிலீசு விழவேணும்." தோட்டத்தில் நடந்தபடியே, "ஓம் எண்டால் நில், ஓம் எண்டால் நில்" என்று சொல்லிப் பழகினான். எதிர்வீட்டு அமெரிக்கர் பவானியிடம் வந்து, உங்கள் கணவர் செய்வது யோகாவா, எனக்கும் சொல்லித் தருவாரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை. மைதானம் என்பது ஒரு பொதுப் பூங்கா. நடுவில் தரைவிரிப்பு மாதிரி ஒரு பாயை ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் பிறந்தநாள் விருந்து, புகை, இறைச்சி வாசனை. மறுபக்கம் அமெரிக்கர்களுடைய தடிப்பந்தாட்டம், பேஸ்பால். எங்கள் பீல்டர் பின்னால் போனால் அவர்கள் பீல்டரின் முதுகில் இடித்தார்.

ஆல்டன் வந்தார். ஆறடிக்கு மேல், நரைத்த தலை, தீவின் முத்திரை போட்ட கோட்டு. "மிஸ்டர் பைப்!" என்று சிவாவைத் தூக்கியே விட்டார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்: "நீ போட்ட குழாயில் இன்னமும் தண்ணீர் வருகிறது. அடிக்கடி இல்லை. ஆனால் வருகிறது." பிறகு சிவா தலையில் தீவு அணியின் தொப்பியை வைத்தார்.

இரண்டு அணிக்கும் ஸ்கோரர் இல்லை என்று தெரிந்ததும் நான் கை தூக்கினேன். உட்கார்ந்தவுடன் எனக்கு ஒரு சந்தேகம். இது சர்வதேச ஆட்டம்தானா? பலகைக்குச் செல்லுமா? ஆல்டனைக் கேட்டேன். அவர் எதிரணியைக் காட்டினார். கயானா, ஜமைக்கா, பார்படாஸ், பாகிஸ்தான், இங்கிலாந்து, குஜராத்தின் மெஹசானாவிலிருந்து மூன்று படேல்கள். "நாங்கள் ஒரு நாடு. அவர்கள் ஆறு நாடு. இதைவிடச் சர்வதேசம் வேண்டுமென்றால் நீங்கள் வேறு கிரகத்துக்குத்தான் போக வேண்டும்" என்றார். திருப்தி அடைந்தேன்.

முதலில் ஆடிய உள்ளூர்க்காரர்கள் நூற்று நாற்பதுக்குச் சுருண்டார்கள். மதிய உணவில் பவானியின் மீன் குழம்பைச் சாப்பிட்ட இங்கிலாந்துக்காரர் அதன் பிறகு பீல்டிங்கில் எங்கே இருந்தார் என்று நான் கவனிக்கவில்லை. தீவு அணி நன்றாகத் தொடங்கி, தீவு அணிகளுக்கே உரிய முறையில் சரிந்தது. ஒன்பதாவது விக்கெட் ஓவரின் கடைசிப் பந்தில் விழுந்தது. ஜெயிக்க நாலு ரன் வேண்டும். எதிரே ஆல்டன். கடைசி ஆளாகச் சிவா இறங்கினான்.

பவானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இஞ்சேருங்கோ, யெஸ்! யெஸ் எண்டு சொல்லுங்கோ!" என்று கத்தினார். பிறந்தநாள் விருந்துக்காரர்கள், அது ஏதோ கோஷம் என்று நினைத்து, "யெஸ்! யெஸ்!" என்று கூடக் கத்தினார்கள்.

ஓவர் மாறியதால் மட்டை பிடிப்பது ஆல்டன். சிவா மறுபடியும் ஓடுமுனையில். ஆல்டன் பாதி தூரம் நடந்து வந்து சிவாவின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்தது: "ஒரு ரன் எடுத்து உன்னை அந்தப் பக்கம் அனுப்புகிறேன். மீதி மூன்று உன்னுடையது."

பந்து வீசியவர் கயானாக்காரர், தபால் வண்டி ஓட்டுபவர். ஆல்டன் பந்தை இடது பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டார். பீல்டர் தூரத்தில். என் மூக்குக் கண்ணாடி இல்லாமலே ஒரு ரன் தெரிந்தது. சிவா பயின்றபடி, "யெஸ்" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் ஆல்டன் மைதானம் அதிரக் கத்தினார்: "ஓம்! ஓம்! ஓம்!"

சிவா நின்றான். கால் இரண்டையும் கோட்டுக்குள் ஊன்றி, மட்டையை ஊன்றி, கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய்போல நின்றான். ஆல்டன் ஆறடியும் அசைய ஓடி வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே கோட்டில். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுமுனையில் ஒரு படேல் நிதானமாக நடந்து போய்க் குச்சியைத் தட்டினார்.

"அய்யோ, திருப்பியும்!" என்று பவானி தலையில் கை வைத்தார்.

"நான் உன் பாஷையில் ஓடு என்றேன்!" என்று ஆல்டன் நடுமைதானத்தில் முழங்கினார். "எட்டு வருஷமாக அந்த வார்த்தையை ஞாபகம் வைத்திருக்கிறேன்! ஹோட்டல் குளியலறையில்கூடச் சொல்லிப் பார்த்தேன்!"

"நான் உங்கட பாஷையில கேட்டனே!" என்றான் சிவா, தமிழில்.

பிறகு புரிந்துகொண்டார்கள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சிவாவின் பாவாடை ஒட்டு தையல் விட்டது.

முறைப்படி அவுட் ஆனவர் ஆல்டன். சிவா கோட்டிலிருந்து அசையவே இல்லை. தீவு தோற்றது. நான் எழுதினேன்: சிவபாதம், ஆட்டமிழக்கவில்லை, பூஜ்யம். எதிர்கொண்ட பந்துகள், பூஜ்யம்.

அவன் கையுறையைக் கழற்றியபடி என்னிடம் வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான், பக்கத்தில் வந்ததும் சிரிப்பு இல்லை. "இப்பவும் ஒரு பந்து இல்லை, மச்சான்" என்றான். "இனி எனக்கு ஆர் தொப்பி தரப் போறாங்கள்?"

பவானி எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கயானாக்காரரிடம் போனார். டீச்சர் குரலில், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் பந்தைக் கீழே வைக்கப் போனவர், வைக்கவில்லை. குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த படேலைப் பார்த்துக் கை காட்டினார். படேல் மறுபடி நட்டார். போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். இங்கிலாந்துக்காரர்கூட எங்கிருந்தோ வந்தார். விருந்துக்காரர்கள் கையில் தட்டோடு எல்லைக் கோட்டில் வரிசையாக நின்றார்கள்.

சிவா தொப்பியைச் சரி செய்து, ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றான்.

கயானாக்காரர் இரக்கப்பட்டு மெதுவாகப் போடுவார் என்று நினைத்தேன். அப்படிப் போட்டிருந்தால் அது அவமரியாதை. அவர் தம் முழு தூரமும் ஓடி வந்து போட்டார். பந்து பாயில் குத்தி உள்ளே திரும்பியது. சிவா காலை முன்னே வைத்து, மதராஸில் எங்களை மயக்கிய அதே அழகான முறையில் மட்டையைக் கொண்டுவந்தான். நடுக்குச்சி விருந்துப் பக்கம் போய் விழுந்தது.

 சிவா மட்டையைத் தலைக்கு மேல் தூக்கினான். சதம் அடித்தவன் தூக்குவது மாதிரி.

"போல்ட்!" என்று கத்திக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தான். "மச்சான், நடுக்குச்சி! சும்மா ரன் அவுட் இல்லை, போல்ட்! என்ன பந்து தெரியுமே! எழுது! போல்ட் எண்டு எழுது! பலகையிலயும் போடு!"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் பேனாவை மூடினேன்.

"எழுத முடியாதுடா, சிவா."

"ஏன்?"

"ஆட்டம் முடிஞ்சாச்சு. பத்தாவது விக்கெட் விழுந்தப்புறம் போட்ட பந்து கணக்குல வராது."

"அட விசரா! ஒரு பந்து! ஒரே ஒரு பந்து! ஆர் கேக்கப் போயினம்?"

"நான் கேப்பேன்" என்றேன்.

"அண்ணை, இவர் உங்களைக் கெஞ்சுறது அவுட் எண்டு எழுதச் சொல்லி" என்றார் பவானி. "உலகத்தில இப்பிடி ஒருத்தர் இருக்கிறாரோ?" பிறகு அவன் கையிலிருந்த காற்சட்டைப் பிடியைத் தாம் வாங்கிக்கொண்டு, ஊக்கு மாட்டினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சிவா அந்தப் பந்தைத்தான் பேசினான். எங்கே குத்தியது, எவ்வளவு திரும்பியது, தன் கால் எங்கே இருந்தது. இதில் அவனும் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டான். பவானியும் நானும் சொல்லவில்லை. அவன் பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வரதனுக்கு எழுத வேண்டியதை யோசித்தேன். ஆட்டங்கள் இரண்டு. ஓட்டங்கள் பூஜ்யம். சராசரியும் பூஜ்யம். மூன்றும் சரியான எண்கள்தான். ஆனால் சரியான எண்கள் முழு உண்மையையும் சொல்வதில்லை என்பது ஒரு ஸ்கோரருக்குத் தெரியும். ஒரு முறை ரன் அவுட். அது எந்தப் பந்துவீச்சாளர் கணக்கிலும் சேராது. மறு முறை ஆட்டமிழக்கவில்லை. நடுக்குச்சி பறந்தது ஆட்டம் முடிந்த பிறகு. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, மூன்று கட்டங்களையும் அழித்து ஒரே வரியாக எழுதும்படி வரதனுக்கு எழுதினேன்.

ஹூஸ்டன் போய், அக்காவையும் அவள் ஸ்வெட்டரையும் அழைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பொன்விழாவுக்கு மந்திரி வந்தார். பலகையின் திரையை விலக்கிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை உரக்கப் படித்தார்:

'எஸ். சிவபாதம். சர்வதேச வீரர். தம் சர்வதேச ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் எந்தப் பந்துவீச்சாளராலும் ஆட்டமிழக்கச் செய்ய முடியாதவர்.'

கூட்டம் கை தட்டியது. மந்திரி என் பக்கம் சாய்ந்து, "இவ்வளவு பெரிய ஆட்டக்காரரா! நான் கேள்விப்பட்டதே இல்லையே?" என்றார்.

"ரொம்பச் சின்னத் தீவு சார்" என்றேன்.

சிவாவிடமிருந்து இன்னமும் கடிதம் வருகிறது. சுகம் விசாரித்துவிட்டு, தம்பி பிள்ளைகளின் படிப்பைக் கேட்டுவிட்டு, கடைசியில் எப்போதும் ஒரு வரி: 'பலகையைத் திருத்து. நான் போல்ட்.'

ஓம் என்று பதில் எழுதுகிறேன். திருத்தவில்லை.